கொழுப்பு நார்மல், நுரையீரலில் ரத்தக்கட்டி எப்படி?

தருமபுரியில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மா, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. தக்காளி மண்டிக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பும்போது விழுந்து வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். மூன்றாவது வாரம், பாத்ரூம் போக எழுந்தவர் மூச்சு முட்டி மயங்கி விழுந்தார். இரண்டு பக்க நுரையீரலிலும் ரத்தக்கட்டி என்று சிடி ஸ்கேனில் வந்தது. ‘ரொம்ப சீரியஸ்’ என்று ஐசியூவில் வைத்திருந்தார்கள். ஆனால், அங்கே எடுத்த கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் எல்லாமே குறைவு: மொத்தம் 138, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 84, எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 27, ட்ரைகிளிசரைடு 135. ‘கொழுப்பே இல்லாதவனுக்கு எப்படி அடைப்பு வரும்? சும்மா பயமுறுத்துகிறார்கள்’ என்கிறார் பெரியப்பா. அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தொடர வேண்டுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உங்கள் பெரியப்பா கேட்பதை என் அறையில் நான் அடிக்கடி கேட்கிறேன். அடைப்பு என்றாலே நமக்கு மாரடைப்புதான் நினைவுக்கு வருகிறது. அங்கே கதை வேறு. பல வருடங்களாகத் தமனியின் உள்சுவரில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைகிறது. உங்கள் அப்பாவின் நுரையீரலை அடைத்த கட்டி பெரும்பாலும் காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் உருவாகி, அங்கிருந்து பிய்த்துக்கொண்டு, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது. இது உருவாகக் கொழுப்புப் படிவு தேவையே இல்லை. ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தப் பாதையைக் காட்டிவிட்டார். ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உள்சுவர் அடிபடுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் நிலைக்கு மாறுவது, இந்த மூன்றும்தான் காரணம் என்று இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது. எலும்பு முறிந்து, கட்டோடு மூன்று வாரம் அசையாமல் கிடந்த உங்கள் அப்பாவுக்கு மூன்றும் இருந்தன.

நாட்டுக் கட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாவுக்கட்டு போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் இதே ஆபத்து உண்டு. இடுப்பு, தொடை எலும்பு ஆபரேஷன் என்றால் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுவார்கள், முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பார்கள், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வீட்டிலோ ‘அசையாமல் படு, எலும்பு கூடட்டும்’ என்கிறோம். எங்கே கட்டுப் போட்டிருந்தாலும் சரி, ‘எந்த மூட்டை அசைக்கலாம், ஊசி தேவையா?’ என்று ஒரு மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம், நம் மாவட்டத்தில் வண்டியில் விழாத குடும்பமே அரிது.

சரி, எவ்வளவு சீரியஸ் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? முதலில் பிரஷர். மேல் அளவு 90க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் அது உச்ச ஆபத்து. அப்போதுதான் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். அடுத்தது இதயத்தின் வலது அறை. நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளுவது அதன் வேலை. எக்கோ திரையில் சாதாரணமாக இடது அறை பெரிதாகவும் வட்டமாகவும், வலது அறை அதைவிடச் சிறிதாகவும் தெரியும். பெரிய கட்டி வழியை மறித்துவிட்டால் வலது அறை உப்பிப்போய், நடுச்சுவரை இடது பக்கமாகத் தள்ளும். வட்டமாக இருந்த இடது அறை ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதைத் திரையில் பார்த்ததுமே ஐசியூவில் எல்லோரும் வேகமாகிவிடுவார்கள். கூடவே ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். அது கூடியிருந்தால் இதயத் தசை அடிபடுகிறது என்று பொருள்.

2005இல் வெளியாகி இன்றுவரை பயன்படும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா, புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பல்ஸ், பிரஷர், மூச்சு வேகம், உடல் வெப்பம், நினைவுத் தெளிவு, ஆக்சிஜன் அளவு என 11 விஷயங்களைப் பார்த்து, அடுத்த ஒரு மாதத்தில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும் முறை அது. அந்த 11இல் கொலஸ்ட்ரால் இல்லை.

அப்படியென்றால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் பெரியப்பா நினைக்கும் திசையில் இல்லை. நுரையீரல் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை ஆராய்ந்த சில மருத்துவக் குழுக்கள், நிலைமை மோசமாக இருந்தவர்களிடம்தான் எச்டிஎல்லும் மொத்தக் கொலஸ்ட்ராலும் குறைவாக இருந்ததைக் கண்டிருக்கின்றன. உடல் பெரிய அடி வாங்கும்போது, அது கட்டியோ கிருமித்தொற்றோ ஆபரேஷனோ எதுவானாலும், அழற்சி கூடி எல்டிஎல், எச்டிஎல் இரண்டும் சில நாட்களிலேயே இறங்கிவிடும். ஆக, ஐசியூவில் எடுத்த 138 அப்பாவின் வழக்கமான அளவு என்று நம்ப முடியாது. அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பதன் நிழலும் அந்த எண்ணில் இருக்கலாம்.

உடம்பு தேறி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் எச்டிஎல் 27லேயே நின்றால் தொப்பை, சர்க்கரை, பீடி சிகரெட் பக்கம் கவனம் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். அதற்குமேல் வேண்டுமா என்பதைச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: மாந்தோப்பு வைத்திருக்கிறேன், வயது 61. ஐந்து வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து, இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையும் சேர்ந்துவிட்டது. ‘கொழுப்பு மாத்திரையே ரத்தக்கட்டியைத் தடுக்கும், ஆராய்ச்சியில் வந்திருக்கிறது, அந்த விலை கூடின மாத்திரையை விட்டுவிடுங்கள் மாமா’ என்கிறான் மச்சான். உண்மையா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவர் சொல்லும் ஆராய்ச்சி உண்மையிலேயே இருக்கிறது. ஜூபிடர் என்று பெயர். 26 நாடுகளில் 17,802 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாடின் 20 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட பக்கம் 34 பேருக்கும், சாப்பிடாத பக்கம் 60 பேருக்கும் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தது. 2009இல் இந்த முடிவு வெளியானது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: அவர்கள் எல்லோருக்கும் எல்டிஎல் 130க்குக் கீழேதான் இருந்தது. கொழுப்பு அதிகமில்லாதவர்களுக்கே பலன் கிடைத்திருக்கிறது என்றால், அந்த மாத்திரை அழற்சியைத் தணிப்பது போன்ற வேறு வழிகளிலும் வேலை செய்திருக்க வேண்டும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஆனால், அவர்கள் யாரும் நுரையீரலில் கட்டியோடு வந்தவர்கள் இல்லை. உங்களுக்குக் கட்டி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இப்போது அபிக்சபானை நிறுத்தினால் மறுபடி வரும் ஆபத்து மிக அதிகம். அபிக்சபான் செய்யும் வேலையை ஸ்டாடின் செய்யாது. இரண்டும் வேண்டும்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் வெட்கம் எதற்கு? அதே மருந்து விலை குறைந்த கம்பெனிகளிலும் கிடைக்கிறது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரைகளுக்கும் மாற்றலாம், ரத்தப் பரிசோதனை மட்டும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். அப்புறம், ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ரத்தக்கசிவு கூடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு சிசேரியன் ஆகி 12 நாள். கர்ப்பமாக இருந்தபோது எடுத்த டெஸ்டில் கொலஸ்ட்ரால் 260 என்று வந்தது. அதனால் நெய், எண்ணெய் எல்லாம் நிறுத்திவிட்டோம். பச்சை உடம்பு என்று படுக்கையிலேயே வைத்திருக்கிறோம், தண்ணீரும் அளவாகத்தான் தருகிறோம். இரண்டு நாளாக இடது கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. கொழுப்பினாலா?
– ஒரு தாய், பென்னாகரம்

பதில்: இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆசிரியர் குழு எனக்கு அனுப்பி, அன்றே அந்த அம்மாவிடம் தொலைபேசியில் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏறுவது இயற்கை. குழந்தைக்கும் பாலுக்கும் உடம்பு சேர்த்துக்கொள்கிறது. பிரசவமாகிச் சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். 260ஐ மறந்துவிடுங்கள், காலைப் பாருங்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்க வேண்டும் என்பதற்காக ரத்தம் எளிதில் உறையும்படி உடம்பு தயாராகியிருக்கும். கர்ப்பமில்லாத, கருத்தடை மாத்திரையும் சாப்பிடாத இளம்பெண்கள் 10,000 பேரில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்குத்தான் ரத்தக்கட்டி வரும். பிரசவத்துக்குப் பிந்தைய 12 வாரங்களில் இந்தக் கணக்கு 40 முதல் 65 வரை போகிறது. சிசேரியன், படுக்கை, தண்ணீர்க் குறைவு மூன்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது.

வீட்டில் ஒரு தையல் டேப் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு காலையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே, காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். வித்தியாசம் குறைவாக இருந்து, வலி மட்டும் இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். காலை நீவிவிடாதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108க்கு அழையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியும் வார்ஃபரினும் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். ஊசிக்குப் பயந்து பாலை நிறுத்திவிடுகிறார்கள், அது தேவையில்லாத கொடுமை. பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், வீட்டுக்குள் நடக்க விடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஓசூரில் கம்பெனியில் வேலை. வயது 34, எடை 82 கிலோ. மாதவிலக்கு சீராக வர ஆறு மாதமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். ட்ரைகிளிசரைடு 310 என்று வந்திருக்கிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி வருமா என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஓசூர்

பதில்: 310க்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம் அம்மா. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிலருக்கு ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடும், தனியாக ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டும். மேலே சொன்ன 10,000 பேர் கணக்கில், இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களில் 3 முதல் 9 பேருக்கு ஆண்டுக்கு ரத்தக்கட்டி வருகிறது. பயந்து நடுங்கும் அளவு இல்லை. ஆனால் உடல் பருமன் தனியாகவே ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் என்பதால் உங்கள் விஷயத்தில் மறுபரிசீலனை அவசியம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ கால் சிரையில் கட்டி வந்திருக்கிறதா, நீங்கள் புகைப்பதுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, இதையெல்லாம் மாத்திரை எழுதிய மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்றுகள் இருக்கின்றன. சர்க்கரையும் தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், ட்ரைகிளிசரைடு ஏற அவையும் காரணமாகும்.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கிறது, மாலையில் இரண்டு காலும் வீங்குகின்றன. லேபில் நாங்களாகவே எடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரால் 420. இந்த வயதில் இவ்வளவா? மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக் கொழுப்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். குறைந்துவிடுமா?
– வாசகர், மொரப்பூர்

பதில்: இந்த வாரக் கடிதங்களிலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். தம்பியின் சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தாலும், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஆல்புமின், கிரியேட்டினின் மூன்றையும் நாளைக்கே பாருங்கள்.

சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் வெளியேறும் ஒரு நோய் உண்டு, நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்பார்கள். ஆல்புமின் குறையக் குறைய உடம்பில் நீர் கோக்கும். ஈடுகட்டக் கல்லீரல் மும்முரமாக வேலை செய்யும்போது கொலஸ்ட்ராலும் சேர்ந்து ஏறிவிடும். அதோடு, ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதமும் சிறுநீரில் போய்விடும். அதனால் சிறுநீரகச் சிரையில், கால் சிரையில், நுரையீரலில் ரத்தக்கட்டி வரலாம். 420 என்ற கொழுப்பும் ரத்தக்கட்டியும் ஒரே வீட்டில் இருந்தாலும், இரண்டையும் உள்ளே விட்டது சிறுநீரகம். கொழுப்பு மாத்திரையால் எண் கொஞ்சம் இறங்கும், நோய் அப்படியே இருக்கும், நாள் வீணாகும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இந்த மூன்று பரிசோதனைகளையும் பாருங்கள். ஆல்புமின் மிகவும் குறைந்திருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க முன்கூட்டியே மருந்து தேவையா என்றும் கேளுங்கள். வீக்கம் குறைய நாட்டு மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். இடுப்புக்கு மேல் விலாவோரம் திடீர் வலி, சிறுநீரில் ரத்தம், மூச்சுத்திணறல் மூன்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். டெல்லி வரை போவேன். உட்கார்ந்தே இருப்பதால் ரத்தக்கட்டி வருமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் ஆபத்து சற்றே கூடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை டோல்கேட் தாண்டி ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நடங்கள். தூக்கம் வராமல் இருக்கச் சிறுநீரை அடக்குவது, தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது இரண்டையும் விடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கட்டி வந்திருந்தால் மட்டும் நீண்ட ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நுரையீரல் கட்டிக்காக அசிட்ரோம் சாப்பிடுகிறேன். கீரையே தொடக்கூடாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் களியும் கீரைக் கடைசலும் இல்லாமல் எப்படி? மாம்பழம் சாப்பிடலாமா?
– வாசகி, அரூர்

பதில்: கேழ்வரகுக் களியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரையையும் நிறுத்த வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சிக்கல் வருவது ஏற்ற இறக்கத்தால்தான். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) தாறுமாறாகும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சின்னக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் சாப்பிட்டால் மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவைப் பொருத்திக்கொள்வார். ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மாம்பழத்தில் எதிர்ப்பக்கம் ஒரு கவனம் தேவை. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மாம்பழம் நிறையச் சாப்பிட்டு ஐஎன்ஆர் கூடிப்போனதாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. அசிட்ரோமும் அதே குடும்பம். நம் பக்கம் சீசனில் கூடை கூடையாக வீட்டுக்கு வரும் என்பதால் சொல்கிறேன்: நாளைக்கு ஒன்று இரண்டு துண்டு போதும், சீசன் தொடங்கி ஒரு வாரத்தில் ஐஎன்ஆர் ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், அடிபடாமலே நீலத் திட்டு தெரிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். கொழுப்பு மாத்திரை புதிதாக ஆரம்பித்தாலும் இதே பரிசோதனை தேவை. ரோசுவாஸ்டாடின் சிலருக்கு ஐஎன்ஆரை ஏற்றிவிடும்.